ஹம்ப்டா கணவாய்க்கு எந்த டென்ட்?

செப்டம்பர் நடுவில் நீங்களும் உங்கள் அலுவலக நண்பரும் எந்த ட்ரெக்கிங் கம்பெனியோடும் சேராமல், எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு இமாச்சலில் மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹம்ப்டா கணவாயைக் கடந்து சந்திரதால் ஏரி வரை போகத் திட்டமிட்டிருக்கிறீர்கள். நாகலாபுரத்துக்கும் கொல்லிமலைக்கும் கொண்டுபோன மூன்றரை கிலோ டென்ட் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு நண்பர் தார்ப்பாயும், ஸ்லீப்பிங் பேக்கின் மேல் உறை மாதிரி மாட்டும் பிவி பையும் போதும், சுமை குறையும் என்கிறார். இன்னொருவர் இமயமலைக்கு ஃபோர் சீசன் டென்ட் இல்லாமல் காலே வைக்கக் கூடாது என்கிறார். மூன்றில் எது என்பது உங்கள் கேள்வி. அந்த உயரத்தில் ஒரு கெட்ட ராத்திரி வந்தால் நனையாமல், விறைக்காமல் காலையில் எழுந்து நடக்க என்ன வேண்டும் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

என் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்ய என்னைப் பற்றி இரண்டு வரி. வேளச்சேரியில் இருக்கிறேன். உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி முடித்தவன். அதற்குப் பிறகு பதினைந்து வருடமாக ஆண்டுக்கு ஒரு தடவையாவது இமாச்சல், லடாக், உத்தராகண்ட் பக்கம் நண்பர்களுடன் போய்வருகிறேன். ஹம்ப்டாவை மூன்று தடவை கடந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவை எல்லாம் மே முதல் அக்டோபர் நடு வரையிலான இரவுகள். நடுக்குளிர்காலத்தில் பனிமேல் டென்ட் போட்டுத் தங்குவது வேறு வித்தை. அதில் எனக்கு அனுபவம் இல்லை, அதனால் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். டென்ட் உங்களைச் சூடாக வைக்காது. காற்றையும் மழையையும் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே இருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால் பெரிய விஷயம். குளிரைத் தடுப்பது ஸ்லீப்பிங் பேக்கும் அதற்குக் கீழே இருக்கும் மேட்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர். அங்கே ராத்திரி 12 டிகிரி என்று போன் காட்டினால், கணவாயைத் தாண்டி இறங்கியதும் நீங்கள் தங்கப் போகும் ஷியா கோரு கிட்டத்தட்ட 3,900 மீட்டர், அங்கே பூஜ்ஜியம். வானம் தெளிவாக இருக்கும் ராத்திரியில், குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்கினால் இன்னும் நாலைந்து டிகிரி கீழே போகும். ஆகவே மைனஸ் ஐந்துக்குத் தயாராகப் போங்கள்.

நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஏமாறுவது மேட்டில். பணத்தை எல்லாம் டென்ட்டிலும் பேக்கிலும் போட்டுவிட்டு, யோகா செய்யும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஸ்லீப்பிங் பேக்கில் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சோ இறகோ உங்கள் எடையில் நசுங்கிவிடும். நசுங்கியது குளிரைத் தடுக்காது. அந்த இடத்தில் மேட் மட்டும்தான் தரைக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கிறது. மேட்டின் மேல் ஆர் மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது கூடக் கூடத் தரையின் குளிர் ஏறாது. உங்கள் பயணத்துக்கு நாலு இருந்தால் நிம்மதி. மடிக்கும் ஃபோம் மேட் சுமார் இரண்டு வரும். அதன்மேல் மூன்று மதிப்புள்ள காற்றடிக்கும் மேட்டைப் போட்டால் இரண்டும் கூடி ஐந்து ஆகிவிடும், எண்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். காற்று மேட் ஓட்டையானாலும் ஃபோம் கைவிடாது. ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் கணக்கு. அதைத் தூங்கும் கணக்கு என்று நினைத்து வாங்காதீர்கள்.

சரி, இப்போது டென்ட்டுக்கு வருவோம். உங்களிடம் இருக்கும் டென்ட்டை வேண்டாம் என்றுதான் சொல்வேன். எடை ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் அதன் கம்பி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கறுப்பு நிற ஃபைபர் கிளாஸ் கம்பி, மேலே தொப்பி மாதிரி பாதி வரை மட்டும் மூடும் ஃப்ளை, அதாவது மழையைத் தடுக்கும் வெளித்துணி. நாகலாபுரத்தில் பனித்துளி விழாமல் தடுக்க அது போதும். ஷியா கோருவில் போதாது. என் இரண்டாவது பயணத்தில் கூட வந்த நண்பரிடம் அதே மாதிரி டென்ட் இருந்தது. ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கம்பி ஒடியவில்லை, மூங்கில் மாதிரி நீளவாக்கில் பிளந்திருந்தது. சிலாம்பு கம்பி ஓடும் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நண்பர் உள்ளே உட்கார்ந்து இரண்டு கையாலும் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்க, நான் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெளியே போய், பிளந்த இடத்தில் இரண்டு முளைகளை, முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் சிம்பு மாதிரி வைத்துத் துணி டேப்பைச் சுற்றினேன். கையுறையோடு டேப்பைக் கிழிக்க முடியவில்லை. கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல் மரத்துப்போகிறது. ஒரு கம்பியைக் கட்ட முக்கால் மணி நேரம் ஆனது. அலுமினியக் கம்பி அதே காற்றில் வளையும், சில சமயம் வளைந்தபடியே நின்றுவிடும், ஆனால் இப்படிச் சிதறாது. டென்ட்டோடு ஒரு சாண் நீள அலுமினியக் குழாய் ஒன்று கொடுப்பார்கள். உடைந்த கம்பியின் மேல் மாட்டுவதற்கு உள்ளது அது. எதற்கென்று தெரியாமல் பலர் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். அதையும் கொஞ்சம் டேப்பையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தார்ப்பாய் யோசனை தப்பில்லை, உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பேன். இமாச்சலில் காலங்காலமாக ஆடு மேய்க்கும் கத்தி (Gaddi) இன மக்கள் தார்ப்பாய்க்கு அடியிலும் பாறை இடுக்கிலும் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்கு எந்தப் பாறைக்குப் பின்னால் காற்று வராது என்று தெரியும். போன வருடம் அடுக்கிய கல்சுவர் இந்த வருடமும் அங்கேயே இருக்கும். முதல் தடவை போகும் நமக்கு அந்த அறிவு கிடையாது. மேற்கு இமயமலையில் சுமார் 3,500 மீட்டருக்கு மேல் மரமே இல்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்ட நடைக்கம்புதான் கதி, மரத்தில் கட்டித் தொங்கவிடும் ஹாமக் பேச்சுக்கே இடமில்லை. மழை சாய்வாக அடித்தால் தார்ப்பாய்க்குள் சாரல் வரும். காற்று திசை மாறினால் எழுந்து திரும்பக் கட்ட வேண்டும். பிவி பையில் மழை நேரத்தில் உடை மாற்றவோ, பையைத் திறந்து மாத்திரை எடுக்கவோ முடியாது. மூச்சுவிடும் ஈரம் உள்ளேயே படிந்து இறகு பேக்கை நனைத்துவிடும். இவை எல்லாம் பழகினால் சமாளிக்கக்கூடியவைதான். ஆனால் பழகுவதற்கு 3,900 மீட்டர் ஏற்ற இடம் இல்லை.

ஃபோர் சீசன் டென்ட் மறுகோடி. கனமான பனி மேலே விழுந்தாலும் தாங்குவதற்காகக் கூடுதல் கம்பி, தரைவரை வரும் ஃப்ளை, உள்ளே வலைக்குப் பதில் துணி. இரண்டு பேர் படுக்கும் டென்ட்டே மூன்றரை, நாலு கிலோ வரும். காற்றோட்டம் குறைவு, அதனால் உள்சுவரில் நீர் கோக்கும். செப்டம்பரில் கணவாயின் குல்லு பக்கம் மழை இன்னும் முழுசாக விட்டிருக்காது. அந்த ஈரத்தில் மூடிய டென்ட் உள்ளேயே நனையும். செப்டம்பர் கடைசியில் பனி கொட்டவே கொட்டாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஓரிரு முறை கொட்டியதும் உண்டு. அப்படிக் கொட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ளிருந்து கூரையைத் தட்டிப் பனியைத் தள்ளிவிட வேண்டும், தூக்கம் கெடும். அந்த ஓர் இரவுக்காக ஒன்றரை கிலோவை ஐந்து நாள் சுமப்பதா என்பது அவரவர் முடிவு. நான் சுமப்பதில்லை.

நான் வாங்கச் சொல்வது இது. இரண்டு பேருக்கான, இரட்டைச் சுவர் உள்ள (உள்கூடு தனி, ஃப்ளை தனி) த்ரீ சீசன் டென்ட், அதாவது நடுக்குளிர்காலம் தவிர்த்த மாதங்களுக்கானது. அலுமினியக் கம்பி. ஃப்ளை நாலு பக்கமும் தரைக்கு ஒரு சாண் மேலே வரை இறங்க வேண்டும். கம்பியை மாட்டினாலே முளை இல்லாமல் தானாக நிற்க வேண்டும், ஏனென்றால் அங்கே பல இடங்களில் முளை இறங்காது. வாசல் பக்கம் இரண்டு பேரின் பையும் ஷூவும் நனையாமல் வைக்க இடம் வேண்டும். மேலே மூடித் திறக்கும் காற்று வழி வேண்டும். மொத்த எடை இரண்டு முதல் இரண்டரை கிலோ. ஒருவர் துணியையும் மற்றவர் கம்பி, முளைகளையும் எடுத்துக்கொண்டால் ஆளுக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வராது. இரட்டைச் சுவரை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் மூச்சு. இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகும், விடியற்காலை அதுவே உறைபனியாகும். இரட்டைச் சுவரில் அது வெளித்துணியில் நின்றுவிடும், உங்கள் மேல் சொட்டாது. எவ்வளவு குளிர்ந்தாலும் மேலே உள்ள காற்று வழியை மூடிவிடாதீர்கள். மூடினால் கதகதப்பு வராது, ஈரம்தான் வரும். இன்னொன்று, நைலான் ஃப்ளை நனைந்தால் நீளும். சாயங்காலம் விறைப்பாக இழுத்துக் கட்டியது ராத்திரி தொங்கிப் படபடக்கும். தூங்கப் போகும் முன் ஒரு சுற்று சுற்றிவந்து எல்லாக் கயிறையும் மறுபடி இழுத்துவிடுங்கள். பாலியஸ்டர் இந்தளவு நீளாது.

எந்த டென்ட் என்பதைவிட எங்கே போடுகிறோம், எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் ராத்திரியின் தலையெழுத்து இருக்கிறது. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நீங்கள் தங்கப் போகும் இடங்களில் ஒன்று பாலு கா கேரா. பாலு என்றால் மணல். ஆற்றோரம் பட்டையாக, சமமாக, பார்க்க அழகாக இருக்கும். அங்கே முளையைக் கட்டைவிரலால் அழுத்தினாலே இறங்கும், அதே சுலபத்தில் பிடுங்கிக்கொண்டும் வரும். முதல் பயணத்தில் நள்ளிரவில் என் ஃப்ளையின் ஒரு பக்கம் முழுசாக விடுபட்டுக் கொடி மாதிரி பறந்தது. இப்போது அங்கே நான் முளையே அடிப்பதில்லை. கயிற்று நுனியில் ஒரு வளையம் போட்டு, உள்ளங்கை அகலக் கல் ஒன்றைச் சுற்றிக் கட்டித் தரையில் வைப்பேன். அந்தக் கல்லுக்கும் டென்ட்டுக்கும் நடுவில், கயிற்றின் மேலேயே, இரண்டு கையால் தூக்க வேண்டிய பெரிய கல்லை வைப்பேன். காற்று இழுக்க இழுக்கச் சின்னக் கல் பெரிய கல்லில் போய் முட்டிக்கொள்ளும். பெரிய கல்லிலேயே நேராகக் கட்டினால் கூர்விளிம்பில் உரசிக் கயிறு அறுந்துவிடும். இதற்காக மூன்று மில்லிமீட்டர் கயிறு பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். சாயங்காலம் அசையாமல் நிற்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

காற்றின் திசையும் ஏமாற்றும். வெயில் நேரத்தில் பள்ளத்தாக்கில் காற்று கீழிருந்து மேலே ஏறும், சூரியன் மறைந்ததும் குளிர்ந்து மேலிருந்து கீழே இறங்கும். நாலு மணிக்கு முகத்தில் அடித்த காற்றைப் பார்த்து வாசலை அதற்கு எதிர்ப்பக்கம் வைத்தீர்கள் என்றால், ஒன்பது மணிக்குக் காற்று நேராக வாசலுக்குள் வரும். டென்ட்டின் நீளப் பக்கத்தைப் பள்ளத்தாக்கின் நீளவாட்டில் வைத்துக் குறுகிய பக்கம் காற்றைப் பார்க்கும்படி செய்தால் இரண்டு திசைக்கும் ஓரளவு சரியாக இருக்கும். ஆற்றோரத்தில் மணலும் சுள்ளியும் ஒதுங்கிக் கிடக்கும் கோடு ஒன்று தெரியும். வெள்ளம் வந்துபோன தடம் அது. அதற்கு நன்றாக மேலே போங்கள். சரிவுக்கு அடியில் பாசி படியாத, புதிதாக உடைந்த கற்கள் கிடந்தால் மேலிருந்து இன்னும் விழும் என்று பொருள். முகட்டின் மேல் போட்டால் இடி, பள்ளத்தின் அடியில் போட்டால் குளிர். நடுவில் ஒரு சின்ன மேடு கிடைத்தால் அதுதான் இடம். ஷியா கோருவில் ஓடையைக் கடப்பதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெயிலில் பனி உருகி மதியத்துக்குமேல் தண்ணீர் ஏறிவிடும்.

எவ்வளவு குளிர்ந்தாலும் டென்ட்டுக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். கொடைக்கானல், ஊட்டி பக்கம் அடைத்த அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கி எழாமலே போனவர்களைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அதே கார்பன் மோனாக்சைடுதான் இங்கேயும். வாசனை இருக்காது. வரும் தலைவலியை உயரத்தால் வந்தது என்றே நினைத்துக்கொள்வோம். அதோடு டென்ட் துணி நொடியில் உருகிப் பற்றிக்கொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் ஏரிக்குப் போன 22 பேர் கொண்ட குழுவில் ஒன்பது பேர் இறந்தார்கள், கர்நாடகத்திலிருந்து போனவர்கள். ஏரியைப் பார்த்துத் திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கி, முகாமை எட்ட முடியாமல் வெட்டவெளியில் நின்றுவிட்டார்கள். முகாமில் இருக்கும் டென்ட் அந்த நேரத்தில் யாருக்கும் உதவாது. கம்பெனியோடு போகும்போதும் இதே கதைதான். டென்ட் கோவேறு கழுதையில் முன்னால் போய்விடும், நாம் சின்னப் பையோடு பின்னால் நடப்போம். நீங்கள் சொந்தச் சுமையில் போவதில் உள்ள பெரிய நன்மை, வீடு எப்போதும் உங்கள் முதுகிலேயே இருக்கிறது. கணவாய் அன்று வானம் கறுத்தால் மேலே போகாமல் அங்கேயே போட்டுவிட உங்களால் முடியும். இருவரும் எந்த நேரத்திலும் பிரியாதீர்கள், துணி ஒருவரிடமும் கம்பி இன்னொருவரிடமும் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு மெல்லிய அவசர பிவி பையும் வைத்துக்கொள்ளுங்கள், நூற்றைம்பது கிராம்கூட வராது. நண்பர் சொன்ன பிவிக்கு இந்த இடத்தில் நான் முழுச் சம்மதம்.

சந்திரதால் கரையிலேயே டென்ட் போடலாம் என்று கனவு காணாதீர்கள். ஏரி ஏறக்குறைய 4,300 மீட்டரில் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2005 முதல் உள்ளது. கரையில் தங்க அனுமதி இல்லை, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒதுக்கிய இடத்தில்தான் தங்க வேண்டும். அடுத்து உத்தராகண்ட் போகும் எண்ணம் இருந்தால், அங்கே 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது நினைவிருக்கட்டும். புல்லுக்கு வளரக் கிடைப்பதே வருடத்தில் சில மாதம். அதன்மேல் வரிசையாக டென்ட் நின்றால் வேர் செத்துவிடும்.

வாங்கியதும் மொட்டை மாடியில் போட்டுப் பாருங்கள். முளை அடிக்க முடியாதே என்றால், நாலு மூலைக்கும் நாலு இருபது லிட்டர் தண்ணீர் கேனை வைத்துக் கட்டுங்கள். முதல் நாள் வெளிச்சத்தில். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். ஒரு மழை ராத்திரியில் இருவரும் அதிலேயே படுத்துத் தூங்குங்கள். ஆகஸ்ட் மழை போதும், ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம். எந்தத் தையலில் ஒழுகுகிறது என்று வீட்டு மாடியிலேயே தெரிந்துவிடும், தையலுக்குப் பூசும் சீலர் ஒரு குப்பியோடு முடிந்துபோகும் வேலை அது. கிளம்பும்போது முளை, கம்பி எல்லாம் செக்-இன் பையில் போகட்டும். கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் விடமாட்டார்கள், ரயிலிலும் கூடாது. மணாலியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு டென்ட்டை உறையில் திணித்துப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். துணியின் உட்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் சென்னையின் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, புளித்த வாடை அடிக்க ஆரம்பிக்கும். அப்படி ஆனபின் அதைச் சரிசெய்ய வழியில்லை, தண்ணீர் நிற்காது. நிழலில் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து, பழைய தலையணை உறை மாதிரி காற்றுப் போகும் துணிப்பையில் தளர்வாக வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள். இறகு ஸ்லீப்பிங் பேக்கை அழுத்தி வைக்கவே கூடாது, பீரோவில் தொங்கவிடலாம். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு மூன்று டென்ட்டைப் பார்த்து வைத்திருந்தால் மாடல் பெயர், எடை, கம்பி எதனால் ஆனது என்ற மூன்றையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.